கிராமத்துக்கு வரும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? களப்பணி, சந்தை, வாழ்வாதாரம் பற்றி ஒரு விளக்கம்

மாவட்டச் செய்திப் பக்கங்களில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவிகள் ஏழெட்டுப் பேர் வரப்பில் நின்று விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள், அல்லது தென்னைக்கு வேர் வழியாக மருந்து கட்டுவதைச் செய்து காட்டுகிறார்கள். கீழே "கிராமத் தங்கல் திட்டத்தின் கீழ் செயல்விளக்கம்" என்று ஒரு வரி. இன்னொரு பக்கம், எம்பிஏ படிக்கிற பிள்ளைகள் கேள்வித்தாளோடு வந்து, என்ன சோப்பு வாங்குகிறீர்கள், தக்காளியை எங்கே விற்கிறீர்கள், குழுவில் எவ்வளவு சேமிப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் போன பிறகு ஊரில் கேள்விகள் மிஞ்சுகின்றன. இது அரசுக் கணக்கெடுப்பா? இதில் பெயர் கொடுத்தால் மானியம் வருமா? எழுதிக்கொண்டு போனதை யார் படிப்பார்கள்? படிக்கிற பிள்ளைகளுக்கும் வேறொரு குழப்பம் இருக்கிறது. சந்தைப்படுத்தல், வாழ்வாதாரம் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள், ஊரில் போய் அதை எப்படிப் பார்ப்பது? இரண்டு தரப்புக்கும் சேர்த்து அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

வருகிறவர்கள் யார்?

1. வேளாண் மாணவர்கள். இளநிலை வேளாண்மைப் படிப்பின் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி வேலை பார்ப்பது கட்டாயப் பாடம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதற்கும் வகுத்த ஏற்பாடு இது. 2015 ஜூலையில் இதையும், தொழில் நிறுவனப் பயிற்சி, செய்முறைத் தொழில் பயிற்சி போன்றவற்றையும் சேர்த்து "ஸ்டூடன்ட் ரெடி" என்ற ஒரே திட்டமாக்கினார்கள். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒரு வட்டாரத்தில் தங்குவார்கள், வட்டார வேளாண்மை அலுவலகம், வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றோடு சேர்ந்து வேலை செய்வார்கள்.

2. மேலாண்மை, வணிகவியல் மாணவர்கள். பெரும்பாலும் கோடையில் ஒன்றிரண்டு மாதம், "ப்ராஜெக்ட்" என்ற பெயரில் வருகிறவர்கள். குஜராத் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய ஊரக மேலாண்மை நிறுவனம் கிராமத்தில் தங்குவதைப் படிப்பின் அடித்தளமாகவே வைத்தது. பால் கூட்டுறவுகளை நடத்த ஆள் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த படிப்பு அது. மற்ற பல கல்லூரிகளில் ஊரகச் சந்தை என்பது ஒரு விருப்பப் பாடம், அவ்வளவுதான்.

3. சமூகப்பணி மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்டத்தினரும். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் 7 நாள் சிறப்பு முகாம் உண்டு. காந்திகிராமம் போன்ற இடங்களில் கிராமத்தில் தங்கும் பயிற்சி எல்லாத் துறை மாணவர்களுக்குமே பழைய வழக்கம்.

4. தத்தெடுப்பு வழியாக வருகிறவர்கள். கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். பொறியியல் கல்லூரி வண்டி ஊருக்குள் வந்தால் பெரும்பாலும் இதன் கீழ்தான்.

இந்த நான்கு வகையினரிடமும் பொதுவாக ஒன்று உண்டு. கடனோ மானியமோ கொடுக்கும் அதிகாரம் இவர்களில் யாருக்கும் கிடையாது. அரசின் கணக்கெடுப்பாளர்களும் இல்லை. எழுதிக்கொண்டு போவது கல்லூரி அறிக்கைக்கு, அதைப் படித்து மதிப்பெண் போடுகிறவர் கல்லூரியில் இருக்கிறார். அறிக்கை யாருக்காக எழுதப்படுகிறதோ அவருக்குப் பிடித்த மாதிரிதான் அமையும். கேட்கிற கேள்வி, தங்குகிற நாள், கடைசியில் கொடுக்கும் பரிந்துரை எல்லாமே அதனால் வளைகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகிற பல கோளாறுகளின் காரணம் தானாகப் புரியும்.

சந்தைப்படுத்தலுக்கு இரண்டு திசை உண்டு

ஊரகச் சந்தைப்படுத்தல் என்ற ஒரே பெயருக்குக் கீழே இரண்டு வேறு வேலைகள் ஓடுகின்றன.

ஒன்று, கிராமத்துக்கு விற்பது. சோப்பு, ஷாம்பு, விதை, உரம், செல்போன், காப்பீடு. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடமே உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பம் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றது. முதலில் வெல்வெட், அப்புறம் 1983-ல் தனியாகப் பிரிந்து சி.கே.ரங்கநாதன் தொடங்கிய சிக். பாட்டில் வாங்க முடியாத வீட்டிலும் ஷாம்பு நுழைந்தது அப்படித்தான். 2000 வாக்கில் இந்துஸ்தான் லீவர் அன்றைய ஆந்திராவின் (இன்று தெலங்கானா) நல்கொண்டா மாவட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு வீடு வீடாக விற்கும் "சக்தி" திட்டத்தை ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத், ஏழைகளை வாடிக்கையாளர்களாக மதித்து அவர்களுக்கு ஏற்ற பொருளைக் கொடுத்தால் நிறுவனத்துக்கும் லாபம், வறுமையும் குறையும் என்று வாதிட்டார். உலகம் முழுக்க அந்த வாதம் பேசப்பட்டது. அனில் கர்னானி என்ற இன்னொரு பேராசிரியர் இதை மறுத்தார். ஏழைக்கு முதலில் தேவை வருமானம், அவரை வாங்குகிறவராகப் பார்ப்பதைவிட உற்பத்தி செய்கிறவராகப் பாருங்கள், அவரிடமிருந்து வாங்குங்கள் என்பது அவருடைய பதில்.

இரண்டாவது திசை அதுதான். கிராமத்திலிருந்து விற்பது. தக்காளி, பால், மஞ்சள், கருப்பட்டி, கோரைப்பாய், குழுப் பெண்கள் போடும் ஊறுகாய், மசாலாப் பொடி.

எந்தத் திசையில் வேலை செய்கிறோம் என்பது மாணவருக்கே தெளிவாக இல்லாததுதான் பல ப்ராஜெக்ட்டுகளின் முதல் சிக்கல். தலைப்பில் "ஊரக மக்களின் வாழ்வாதாரமும் சந்தைப்படுத்தலும்" என்று இருக்கும், கேள்வித்தாளைத் திறந்தால் எந்த பிஸ்கட் பிடிக்கும், விளம்பரத்தை எதில் பார்க்கிறீர்கள் என்று இருக்கும். அது ஒரு நிறுவனத்துக்கான நுகர்வோர் ஆய்வு. செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஊர் மக்களிடம் உங்கள் நன்மைக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அதைச் செய்வது நேர்மையில்லை.

வாழ்வாதாரம் என்பது வருமானத்தைவிடப் பெரியது

ஊரக வளர்ச்சி ஆய்வாளர்கள் ராபர்ட் சேம்பர்ஸும் கோர்டன் கான்வேயும் 1992-ல் கொடுத்த விளக்கம்தான் இன்றும் அதிகம் பயன்படுகிறது. ஒரு குடும்பம் பிழைப்பதற்கு வேண்டிய திறன், சொத்து, செயல் மூன்றும் சேர்ந்தது வாழ்வாதாரம். கெட்ட காலம் வந்தால் தாங்கி மீள முடிகிறதா என்பதும் அதில் அடங்கும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் கேள்வித்தாள்கள் விட்டுவிடுகின்றன.

நடைமுறையில் ஒரு மானாவாரிக் குடும்பத்தின் பிழைப்பு இப்படி இருக்கும்: ஒரு ஏக்கர் நிலம், ஒரு கறவை மாடு, நான்கு வெள்ளாடு, நூறு நாள் வேலை, திருப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணம், குழுக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன். ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவர்கள் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள், ஏனென்றால் அப்படி ஓர் எண் அவர்கள் கணக்கிலேயே கிடையாது. வாரத்துக்கு வருவது, மாதத்துக்கு வருவது, பருவத்துக்கு வருவது என்று பணம் வேறு வேறு வேகத்தில் வருகிறது. ஆடு பணமாக எண்ணப்படாத சேமிப்பு. பள்ளிக்கூடம் திறக்கும்போதோ ஆஸ்பத்திரிச் செலவு வரும்போதோதான் அது விற்கப்படும். ஆகவே சந்தையில் விலை குறைவாக இருந்த நாளில் ஆட்டை விற்றுவிட்டார், சந்தை அறிவு இல்லை என்று எழுதுகிற மாணவர் அந்தக் குடும்பத்தின் கணக்கைத் தவறவிட்டுவிட்டார். அவசரத்துக்குப் பணமாக மாறியதுமே அந்த ஆடு தன் வேலையைச் செய்துவிட்டது.

ஊர்வரைபடமும் தார்ச்சாலையும்

கிராமத் தங்கலில் முக்கியமான பயிற்சி, மக்கள் பங்கேற்போடு ஊரை மதிப்பிடுவது. கோலப்பொடியால் தரையில் ஊரின் சமூக வரைபடம், வள வரைபடம் போடுவது, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து நிலத்தின் மாற்றங்களைக் குறிப்பது, எந்த மாதம் வேலை, எந்த மாதம் கடன், எந்த மாதம் நோய் என்று பருவ நாள்காட்டி போடுவது, பிரச்சினைகளை வரிசைப்படுத்துவது. 1980-களில் வளர்ந்த முறை இது, இதிலும் சேம்பர்ஸின் பங்கு பெரியது. படம் போடும் கை ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும் என்பதே முறையின் உயிர். படமெடுத்து அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் மாணவர்களே போட்டுவிட்டு ஊர்க்காரர்களைச் சுற்றி நிற்க வைப்பதும் நடக்கிறது. அப்படிப் போட்ட படத்தில் ஊரைப் பற்றி மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தது மட்டும்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு எது படாமல் போகிறது என்பதையும் சேம்பர்ஸ் 1983-லேயே பட்டியலிட்டார். நம் ஊர்களுக்கு அப்படியே பொருந்துகிற நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1. சாலை. பேருந்து நிற்கும் இடம், தார்ச்சாலை ஓரம் மட்டும் பார்க்கப்படும். காலனித் தெருவும் மலையடிவாரக் குடியிருப்பும் விட்டுப்போகும்.
2. ஆள். முன்னோடி விவசாயி, ஊராட்சித் தலைவர், குழுத் தலைவி. யாரைக் கேட்டாலும் இவர்களிடமே அனுப்புவார்கள். குத்தகைக்கு உழுகிறவர், களையெடுக்கப் போகிறவர் சொல்வது ஏட்டில் ஏறாது.
3. பருவம். பாதை நன்றாக இருக்கும் காய்ந்த மாதங்களில் வருவார்கள். கையில் காசில்லாமல், வீட்டில் நெல்லில்லாமல், காய்ச்சலும் சேர்ந்து வரும் மழைமாதங்களை அவர்கள் பார்ப்பதில்லை.
4. மரியாதை. சங்கடமானதைக் கேட்கத் தயங்குவார்கள். நம் ஊரில் அது சாதி, கந்துவட்டி, சாராயம், நிலத்தகராறு. இவற்றைத் தொடாமல் சந்தையைப் பற்றி எழுத முடியாது, ஏனென்றால் யார் யாரிடம் விற்க முடியும் என்பதை இவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஒரு பெட்டித் தக்காளி: கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

விவசாயிக்குக் கிடைப்பது அற்பம், இடைத்தரகர் கொள்ளையடிக்கிறார் என்ற வரி இல்லாத மாணவர் அறிக்கை அரிது. இதில் எவ்வளவு உண்மை? ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று கணக்கிட்டது. ஆகப் பங்கு குறைவு என்பது உண்மை. மீதி எங்கே போகிறது என்பதை ஓர் உதாரணக் கணக்கு வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை, ஓடும் வழி மட்டும் மண்டிகளில் நடக்கிற வழி.

15 கிலோ பெட்டி, கமிஷன் மண்டியில் ஏலம் 180 ரூபாய். அதாவது கிலோ 12.

- கமிஷன் பத்து சதவீதம்: 18
- பறிப்புக் கூலி: 25
- வண்டி வாடகை: 20
- இறக்குக் கூலி: 5

மொத்தக் கழிவு 68. சம்சாரி (விவசாயி) கைக்கு வருவது 112, கிலோவுக்கு ஏழரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதில் நாற்று, உரம், மருந்து, தண்ணீர், வீட்டார் உழைப்பு எதையும் இன்னும் கழிக்கவில்லை. சில்லறை விலை கிலோ 30 என்று வைத்தால் விவசாயி பங்கு எவ்வளவு? ஏல விலையை வைத்துச் சொன்னால் 40 சதவீதம். கைக்கு வந்ததை வைத்துச் சொன்னால் 25 சதவீதம். ஒரே பெட்டி, இரண்டு பதில், இரண்டும் சரியான கூட்டல். எதை வைத்துக் கணக்கிட்டோம் என்று எழுதாத அறிக்கையின் சதவீதத்தை நம்பவே கூடாது.

சரி, மறுமுனைக்கு வருவோம். மொத்த வியாபாரி கைமாறி, சில்லறைக் கடைக்காரர் அதே பெட்டியை கிலோ 18 வீதம் 270 ரூபாய்க்கு வாங்குகிறார். 2 கிலோ நசுங்கி வீணாகிறது. 11 கிலோ 30 ரூபாய்க்குப் போகிறது, மிச்சம் 2 கிலோ மாலையில் பாதி விலைக்கு. வரவு 360. மிச்சம் 90. அதில் வண்டி, கடை வாடகை, பை, நாள் முழுக்க நிற்கும் உழைப்பு, அதோடு வட்டி. தெருவோர வியாபாரிகளில் பலர் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவர்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் இத்தகைய வியாபாரிகளின் கடனை முழுவதுமாக அடைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அதே கடனுக்குப் போய்விட்டார்கள். கொள்ளையடிப்பவர் என்று அறிக்கையில் எழுதப்படுகிற சங்கிலியின் கடைசிக் கண்ணி, பல நேரம் அந்தச் சம்சாரியைப் போலவே கடனில் ஓடுகிறவர்தான்.

"இடைத்தரகரை நீக்குங்கள்" என்ற பரிந்துரை ஏன் தோற்கிறது?

மண்டிக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவழிப்பதைவிட அவர் என்னென்ன வேலை செய்கிறார் என்று பட்டியல் போடுவது பயன் தரும். என் பார்வையில் குறைந்தது ஐந்து.

1. முன்பணம் கொடுக்கிறார். நாற்று வாங்க, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. பத்திரம் இல்லாமல், இரவு பத்து மணிக்குப் போனாலும்.
2. வந்த சரக்கு முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். முதல் தரம் மட்டும் வேண்டும் என்று சொல்வதில்லை.
3. அன்றோ மறுநாளோ காசு கொடுத்துவிடுகிறார், ஆனால் தனக்கு வாங்கிப் போன வியாபாரியிடமிருந்து பணம் வர நாளாகும். சில நேரம் வராமலே போகும்.
4. வெளியூர் வியாபாரிகளை ஓரிடத்தில் சேர்க்கிறார்.
5. பெட்டி, சாக்கு, வண்டி ஏற்பாடு.

இந்த ஐந்துக்கும் விலை இருக்கிறது. அதில் ஒரு பகுதி கமிஷனாக வெளியே தெரியும், மீதி தெரியாது: முன்பணம் வாங்கியவர் வேறு மண்டிக்குக் கொண்டுபோக முடியாது, எடையில் கழிவு பிடித்தாலும் கேட்க முடியாது. இந்தச் சுரண்டல் உண்மையானது, அதைக் கண்டு கோபப்படுவதும் நியாயம். ஆனால் ஆளை நீக்கினால் அந்த ஐந்து வேலையும் நீங்கிவிடாது. வேறு யாராவது செய்ய வேண்டும். யார் செய்வார்கள் என்று எழுதாத பரிந்துரை பாதியில் நின்ற பரிந்துரை.

நேரடி விற்பனைக்கு நம்மிடமே பெரிய சோதனை உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. கமிஷன் இல்லை, அடையாள அட்டை உள்ள விவசாயியே விற்கலாம், விலை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நிர்ணயிக்கப்படும். நகரத்தைச் சுற்றியுள்ள, அரை ஏக்கர் ஒரு ஏக்கரில் கீரையும் கத்தரியும் வெண்டையும் போடுகிற குடும்பங்களுக்கு இது பெரிய ஆதரவு. அறுபது கிலோமீட்டர் தள்ளி மூன்று ஏக்கரில் தக்காளி போட்டு ஒரே நாளில் எண்பது பெட்டி பறிக்கிறவருக்கு? அவர் உழவர் சந்தையில் உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்க முடியாது, அவருக்கு மண்டிதான். எந்தப் பயிர், எவ்வளவு அளவு, எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே வழி மாறுகிறது.

விலை தெரிந்தால் போதுமா? கேரளமும் வங்கமும்

மாணவர் குழுக்கள் அடிக்கடி செய்ய விரும்புவது விலை சொல்லும் செயலி, அல்லது வாட்ஸ்அப் குழு. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் வடகேரள மத்தி மீனவர்களை வைத்துச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு. செல்போன் வருவதற்கு முன்பு, 1997 ஜனவரியில் ஒரு காலை, வடகரையில் 11 பேர் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டினார்கள். அதே நேரம் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் வாங்குகிறவர்கள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். செல்போன் வந்த பிறகு கடலில் இருந்தபடியே விலை கேட்டு, அதிகம் கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, வீணாவது கிட்டத்தட்ட நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, நுகர்வோர் விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

அதே யோசனையை மேற்கு வங்க உருளைக்கிழங்கு விவசாயிகளிடம் சோதித்தபோது, மொத்தச் சந்தை விலையைத் தினமும் தெரிவித்தும், அவர்களுக்குக் கிடைத்த விலை சராசரியாக மாறவில்லை. காரணம், அங்கே விவசாயி மொத்தச் சந்தைக்குப் போய் நேரடியாக விற்கும் வழக்கமும் வழியும் இல்லை. ஊரில் வாங்குகிற வியாபாரியிடம்தான் விற்றாக வேண்டும். மீனவரிடம் திருப்புவதற்கு ஒரு படகு இருந்தது. விவசாயிக்கு வேறு கரை இல்லை.

ஆகச் செயலி செய்யக் கிளம்பும் குழு முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்த ஊரில் விலை தெரிந்தபின் ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள முடியுமா? முன்பணம் வாங்கியிருந்தால் முடியாது. தினம் பறித்தாக வேண்டிய பயிரென்றால் கஷ்டம். மஞ்சள், நிலக்கடலை, எள் போல வைத்திருந்து விற்கக்கூடிய பொருள், பக்கத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் கிடங்கும், கடனில்லாத கை, இவை இருந்தால் விலைத் தகவலுக்கு உயிர் வரும்.

குழுப் பெண்களின் ஊறுகாய்க்கு லேபிள் ஒட்டியபின்

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-ல் தர்மபுரியில் பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. அப்புறம் மகளிர் திட்டம், புதுவாழ்வு என்று வளர்ந்தது. இன்று குழுப் பொருட்களுக்கு "மதி" என்ற பெயரும் மதி அங்காடிகளும் இருக்கின்றன. சேமிப்பிலும் கடனிலும் குழுக்கள் சாதித்தது பெரிது, விற்பனையில் அந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் எம்பிஏ மாணவர்கள் இங்கே வருகிறார்கள். பெயர் வைக்கிறார்கள், லேபிள் வடிவமைக்கிறார்கள், இன்ஸ்டாகிராம் பக்கம் திறக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் போய்விடுகிறார்கள். கடவுச்சொல்லும் அவர்களோடே போய்விடுகிறது.

லேபிள் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். அது எளிய பகுதி. மெய்யான முடிச்சுகள் வேறு இடத்தில்.

1. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, எடை, விலை, இவை இல்லாமல் கடைக்காரர் எடுக்க மாட்டார். பதிவு யார் பெயரில், அடுத்த முறை யார் புதுப்பிப்பது?
2. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும், ஊகித்து எழுத முடியாது.
3. கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துப் பணம் தருவார். அதுவரை மிளகாய், எண்ணெய் வாங்கப் பணம்? குழுக் கடனின் தவணை மாதாமாதம் வரும். பொருள் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே குழு மூச்சுத் திணறுவது இதனால்தான், இதைத்தான் மாணவர் அறிக்கைகளில் அதிகம் பார்க்க முடிவதில்லை.
4. உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்கெழுதுகிறார்களா? ஐந்து பெண்கள் ஒரு நாள் முழுக்க நின்று செய்த வேலைக்குக் கூலியே போடாமல் "லாபம் 400 ரூபாய்" என்று எழுதினால் அது நஷ்டம்.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது நல்லது. ஆனால் பனையேறும் கைகள் குறைந்துகொண்டே போவதும், சீனி கலந்த கருப்பட்டி குறைந்த விலைக்கு விற்பதும் குறியீட்டால் மட்டும் நிற்கப் போவதில்லை. பெயரும் முத்திரையும் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இதே முடிச்சுகளைப் பெரிய அளவில் அவிழ்க்கத்தான் விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்தன. 2020 பிப்ரவரியில் தொடங்கிய மத்தியத் திட்டம் 10,000 நிறுவனங்களை இலக்காக வைத்தது, எண்ணிக்கை 2025-ல் எட்டப்பட்டது. பதிவு செய்வது ஒன்று, ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்து, நடப்பு மூலதனம் திரட்டி, உறுப்பினர் சரக்கை மண்டியைவிட நல்ல விலைக்கு எடுப்பது வேறொன்று. கணக்குத் தெரிந்த மாணவர்களுக்கு இங்கே செய்ய நிறைய வேலை கிடக்கிறது, பெயரும் லேபிளும் தேடுவதைவிட இங்கே அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

அப்படியானால் நல்ல களப்பணி எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டால், நூறு பேரிடம் முப்பது கேள்வி கேட்பதைவிட ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வயலிலிருந்து வாங்கிச் சமைக்கிற வீடு வரை அதன் பின்னாலேயே போவது மேல். பெட்டியோடு வண்டியில் ஏறிப் போய், விடிகாலை ஏலத்தில் நின்று, மண்டிச் சிட்டையைப் படித்து, அடுத்த நாள் அதே சரக்கு எந்தக் கடையில் என்ன விலைக்கு நிற்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யார் எவ்வளவு பணம் போட்டார், எத்தனை நாள் காத்திருந்தார், நஷ்டம் வந்தால் யார் தலையில் என்று எழுதுவது. இதை ஒரு பருவத்தில் விலை ஏறியிருக்கும்போது ஒரு தடவையும் விழுந்திருக்கும்போது ஒரு தடவையும் செய்தால், அந்த ஊர்ச் சந்தையைப் பற்றி எந்தக் கேள்வித்தாளும் சொல்லாததை அது சொல்லும். முதல் குழு விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆண்டுக் குழு தொடர்ந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஓர் ஊர் என்று மாற்றிக்கொண்டே போவதால் எந்த ஊரிலும் எதுவும் ஊன்றுவதில்லை.

ஊர்க்காரர்களும் வருகிறவர்களிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

1. எந்தக் கல்லூரி, பொறுப்பாசிரியர் யார், எத்தனை நாள் இருப்பீர்கள்?
2. எங்கள் பெயரும் கடன் விவரமும் அறிக்கையில் வருமா? வேண்டாம் என்றால் எடுத்துவிடுவீர்களா?
3. பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாமா? (விடலாம். கட்டாயம் எதுவும் கிடையாது.)
4. கூலி வேலை நேரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காமல் மாலையில் வர முடியுமா?
5. கண்டுபிடித்ததைத் தமிழில் எழுதி எங்களிடம் எப்போது கொடுப்பீர்கள்?

ஐந்தாவதுதான் முக்கியம். பெரும்பாலான அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கெட்டி அட்டை போடப்பட்டு, துறை அலமாரிக்குப் போய்விடுகின்றன. தக்காளிக் கணக்கு, ஊறுகாய்க் கணக்கு, பருவ நாள்காட்டி இவற்றை நான்கு பக்கத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி, குழுக் கூட்டமைப்பில் ஒரு பிரதி வைப்பதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. களப்பணி எந்த மாதத்தில் முடிந்தாலும் அடுத்த கூட்டம் அதிகம் போனால் மூன்றரை மாதத்துக்குள் வந்துவிடும். அதில் அந்த நான்கு பக்கத்தை வாசித்து, கணக்கு தப்பு என்று யாராவது எழுந்து சொன்னால் திருத்திக்கொண்டு, அதற்குப் பிறகு கல்லூரியில் ஒப்படைக்கலாம். பொறுப்பாசிரியர் இதற்கென்று மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஒதுக்கினால் மாணவர்கள் கட்டாயம் செய்வார்கள்.